மேடைப் பேச்சும் கணக்குப் புத்தகமும்

சித்தூரிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் வழியில் உள்ளது புத்தலப்பட்டு. தெலுங்கும் தமிழும் அடுத்தடுத்துப் புழங்கும் சீமை அது. 1911-ஆம் ஆண்டில் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது, சித்தூர், பலமனேர், திருப்பதி முதலிய பகுதிகள் வட ஆர்க்காட்டிலிருந்து பிரிக்கப்பட்டு அதில் சேர்ந்தன. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர ராஜ்யம் உதயமானதும் மாவட்டம் முழுவதும் அதனுடன் சென்றது. பிறகு எழுந்த எல்லைக் கிளர்ச்சியின்போது இரு தரப்பு மேடைகளிலும் வீராவேசத்திற்குக் குறைவில்லை. முடிவில் 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை ராஜ்யத்துடன் இணைந்தது. புத்தலப்பட்டு ஆந்திரத்திலேயே நின்றது.

இத்தகைய எல்லைப்புறத்தில் வாழும் தமிழரும், பம்பாயிலும் கல்கத்தாவிலும் தில்லியிலும் குடியேறிய தமிழரும் அரசியல் பேச்சைப் பெரும்பாலும் பிறமொழியில் கேட்கிறார்கள். இதில் ஓர் அனுகூலம் உண்டு. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் இதை நன்கு அறிவோம்: ஒரு பேச்சை வேறு மொழியில் ஆக்கும்போது முதலில் உதிர்வது அடுக்குமொழி, அடுத்து உதிர்வது ஓசை. மிஞ்சுவது எவ்வளவு என்பது அப்போதுதான் தெரியவருகிறது. சில பேச்சுக்களில் ஒன்றுமே மிஞ்சுவதில்லை!

பிறமொழி பேசும் பிரதேசங்களில் வாழ்ந்து, அங்கெல்லாம் பொருள் மிஞ்சும்படி பேசிய தமிழ்க் கிறிஸ்தவர் ஒருவரை இங்கே நினைவுகூர விரும்புகிறோம். அவர் ஜே. சி. குமரப்பா. 1892 ஜனவரி 4 அன்று தஞ்சையில் பிறந்தவர். முதலில் ஜோசப் செல்லத்துரை கார்னீலியஸ் என்றே அறியப்பட்டார்; தேசிய இயக்கத்திற்கு வந்தபின் குமரப்பா என்ற குடும்பப் பெயரை மீண்டும் ஏற்றார். லண்டனில் கணக்குத் தணிக்கை பயின்று, பம்பாயில் அத்தொழிலை நடத்தி, மேல்நாட்டு உடையும் வசதியுமாக வாழ்ந்தவர் அவர்.

அவருடைய வாழ்க்கையைத் திருப்பியதே ஒரு பேச்சுதான். அமெரிக்காவில் பயின்றுகொண்டிருந்தபோது, இந்தியா ஏன் ஏழையாயிருக்கிறது என்பது பற்றி ஒரு தேவாலயத்தில் உரையாற்றினார். அது பத்திரிகையில் வெளியாயிற்று. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் செலிக்மன் அதைப் படித்துவிட்டு, அதையே ஆராய்ச்சிப் பொருளாகக் கொள்ளும்படி தூண்டினார். மேடையில் சொன்னதைப் புள்ளிவிவரங்களால் நிரூபிக்கவேண்டிய கடமை இவ்வாறு குமரப்பாவின் தலைமேல் விழுந்தது. ஆராய முற்பட்டவர், அந்நிய சர்க்காரின் வரி, செலவுக் கொள்கைகளே நாட்டின் வறுமையை வளர்த்தன என்ற முடிவுக்கு வந்தார். பேசிய பிறகு சான்று தேடிச் செல்வோர் எத்தனை பேர் என்று நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

1929-இல் அவர் சபர்மதியில் காந்தியடிகளைச் சந்தித்தார். அடிகள் அவருடைய ஆராய்ச்சியை ‘யங் இந்தியா’வில் தொடர்ந்து வெளியிட்டார், கேடா மாவட்டத்து மாதர் தாலுகாவின் பொருளாதார நிலையை ஆராயும் பணியையும் ஒப்படைத்தார். குஜராத்தி அறியாத தஞ்சாவூர்க்காரர், குஜராத் வித்யாபீட மாணவர்களைத் துணைக்கொண்டு, ஊர் ஊராகச் சென்று வரவும் செலவும் கடனும் நிலவரியும் எழுதினார். குடியானவன் நலிந்துபோனான் என்று மேடையில் முழங்குவது எளிது. எத்தனை ரூபாய் வருமானத்தில் எத்தனை ரூபாய் வரி என்று எழுதிவிட்டால், எதிராளியும் எடுத்துச் சரிபார்க்கலாம் அல்லவா? அந்த அபாயத்திற்கு உடன்பட்டே அவர் எழுதினார்.

உப்புச் சத்தியாக்கிரகம் நடந்த காலத்தில் கிறிஸ்தவ ஊழியர்களுக்கு அவர் ஒரு வேண்டுகோள் விடுத்தார். இயேசுவின் அகிம்சையைப் போதிப்போர், நிராயுதபாணிகள்மேல் தடியடி நடக்கும்போது வாய் திறக்கவேண்டும் என்பது அதன் சாரம். மெட்ரோபாலிட்டன் வெஸ்ட்காட் இதற்கு இணங்கவில்லை. சட்டத்தை மீறும் இயக்கம் கிறிஸ்துவின் போதனைக்குப் பொருந்தாது என்பது அவருடைய கட்சி. மெட்ரோபாலிட்டனும் தம் மனத்திற்கு மெய்யென்று பட்டதைத்தான் சொன்னார் என்றே நாம் கருதுகிறோம். ஆனால் குமரப்பாவின் பதிலில் வேறொரு கூர்மை இருந்தது: ஆலயத்தில் பேசும் மொழி ஒன்று, அரசாங்கத்தின்முன் பேசும் மொழி வேறொன்று என்று இருக்கலாகாது. ஆணையிட வேண்டாம், ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை என்று நில்லுங்கள் என்னும் மலைப்பிரசங்கக் கருத்தை அவர் அரசியலுக்கும் பொருந்துவதாகவே கொண்டார். ‘யங் இந்தியா’ கட்டுரைகளுக்காக 1931-இல் அவரைச் சிறையிட்டனர்; காந்தி - இர்வின் உடன்படிக்கையால் விடுதலை பெற்றார். அடுத்த ஆண்டே மீண்டும் சிறை.

இனி, பீகார். 1934 ஜனவரி 15 அன்று ஏற்பட்ட பூகம்பத்தில் அம்மாகாணம் சிதைந்தது. ராஜேந்திர பிரசாத் தலைமையில் அமைந்த நிவாரணக் குழுவின் கணக்குகளைக் குமரப்பா மேற்பார்த்தார். ஊழியர்களின் உணவுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்றணா என்று வரையறுத்திருந்தார். காந்தியடிகள் தம் பரிவாரத்துடன் வந்தபோது, அவர்களுடைய செலவை நிவாரண நிதியில் எழுத இயலாது என்று மகாதேவ தேசாயிடம் சொல்லிவிட்டார்! விளக்கம் கேட்ட அடிகள், கேட்டபின் உடன்பட்டார். நமக்கு இந்நிகழ்ச்சி வேடிக்கைக் கதையாகப் படவில்லை. ஏழைக்கென்று சொல்லி வாங்கிய பணம் ஏழைக்கே சென்றால்தான், வாங்கும்போது சொன்ன சொல் மெய்யாகிறது. தலைவரின் சாப்பாட்டிலேயே அந்தச் சொல் பொய்யாகத் தொடங்கிவிடக்கூடும். இதைக் கண்டறியத் தணிக்கைக்காரரின் கண் வேண்டியிருந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது அவர் எழுதிய ஒரு கட்டுரைக்கு ‘அப்பத்திற்குப் பதில் கல்’ என்ற பொருள்படத் தலைப்பிட்டார். அப்பம் கேட்கும் பிள்ளைக்குக் கல்லைக் கொடுப்பாருண்டோ என்று இயேசு வினவியதைக் கிறிஸ்தவர் எவரும் அறிவர். குடியானவனிடம் தானியத்தை வாங்கிக்கொண்டு, நாளுக்குநாள் மதிப்புக் குறையும் காகிதத்தை அவன் கையில் திணிக்கிறது சர்க்கார் என்பதே கட்டுரையின் குற்றச்சாட்டு. நோட்டும் ஒரு வாக்குறுதிதானே. காப்பாற்ற முடியாத வாக்குறுதியை அச்சடித்துத் தள்ளுவதை அவர் பொய்ச்சொல்லின் வகையாகவே கண்டார். அதற்காக ஜபல்பூர்ச் சிறைக்குச் சென்றார். அங்கே அவர் எழுதிய இரண்டு நூல்களில் ஒன்று நிலைபெறும் பொருளாதாரத்தைப் பற்றியது. மற்றொன்று இயேசுவின் வாழ்வையும் போதனையையும் பற்றியது. ஒரே அறையில், ஒரே மனத்தில் பிறந்தவை அவை. பின்னதற்கு 1945-இல் காந்தியடிகள் முன்னுரை வழங்கினார்.

சுதந்திரம் வந்தபின் சொந்தக் கட்சியையும் அவர் விட்டுவைக்கவில்லை. காங்கிரஸ் அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவின் தலைவராக இருந்து 1949-இல் அறிக்கை அளித்தார். அதன் பரிந்துரைகள் பலவும் ஏட்டளவில் நின்றன. எளிமையைப் போதித்தவர்கள் ஆடம்பரத்தில் அமர்ந்ததைக் கண்டு வெளிப்படையாகக் கடிந்தார்; நண்பர்கள் சிலர் விலகினர். அவருடைய நாவில் இருந்த காரம் சிற்சில வேளைகளில் அளவை மீறியதும் உண்டு.

உண்மையுள்ளம் படைத்தவர் எப்போதும் சரியாகவே காண்பார் என்பதுமில்லை. 1951-இல் நல்லெண்ணக் குழுவுடன் சீனா சென்ற குமரப்பா, அங்கே கண்டதை மிகவும் புகழ்ந்து எழுதினார். அந்நாட்டில் பத்தாண்டுக்குள் நேர்ந்த கொடும் பஞ்சத்தை அறிந்த நாம், அப்புகழ்ச்சியை இன்று தயக்கத்துடனேயே படிக்க வேண்டியிருக்கிறது. மாதர் தாலுகாவில் வீடு வீடாகச் சென்று எழுதியவருக்குச் சீனத்தில், விருந்தினராகச் சென்ற பயணத்தில், அந்த வாய்ப்பு எங்கே கிடைத்திருக்கும்? கூலிக்கோ பதவிக்கோ அவர் புகழவில்லை என்பதில் மட்டும் ஐயமில்லை.

இறுதி ஆண்டுகளை மதுரைக்கு அருகே தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் கழித்தார். இருபதாண்டுகளுக்கு மேல் குஜராத்திலும் பீகாரிலும் வார்தாவிலும் உழைத்தவர், தமிழ்க் கிராமம் ஒன்றுக்குத் திரும்பிவந்து சிறு குடிலில் தங்கினார். 1960 ஜனவரி 30 அன்று சென்னையில் காலமானார். காந்தியடிகள் மறைந்த அதே தேதி அது. திருத்தணியின் எல்லை மாறுவதற்கு அப்போது இரண்டு மாதங்கள் இருந்தன.