அப்பாவின் கையெழுத்தும் பூனைக்காலி விதையும்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் படித்தது பி.காம். பிழைப்பு மஸ்கட்டில் ஒரு வங்கியில். மருந்து, மூளை பற்றியெல்லாம் எழுத எனக்கு ஒரு தகுதியும் கிடையாது. ஆனாலும் போன வருஷம் எங்கள் வீட்டில் நடந்தது என்னை 1937 வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சொந்த ஊர் வாளையார் பக்கம். அம்மா போனபிறகு வீட்டைப் பூட்டிவிட்டு, அப்பா மறையூரில் அக்கா வீட்டில் இருக்கிறார். பாலக்காட்டு எல்லையிலிருந்து இடுக்கி எல்லைக்கு மாறிவிட்டார், அவ்வளவுதான். இங்கேயும் தமிழ்தான், அங்கேயும் தமிழ்தான்.

ஒருநாள் அக்கா போன் செய்தாள். அப்பா பென்ஷன் பணம் எடுக்கப் போயிருக்கிறார், கையெழுத்து பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். முப்பது வருஷம் கரும்பலகையில் முத்துமுத்தாக எழுதிய வாத்தியார் கை அது. முதல் எழுத்து பெரிதாக ஆரம்பித்து, போகப்போகச் சுருங்கி, கடைசியில் எறும்பு ஊர்ந்த மாதிரி முடிந்திருந்தது. கவுன்டரில் நான் இருந்திருந்தாலும் திருப்பித்தான் அனுப்பியிருப்பேன்.

எழுத்து சுருங்குவது பார்க்கின்சன் நோயின் அடையாளங்களில் ஒன்று என்று டாக்டர் சொல்லித்தான் தெரியும். நம் ஊரில் நடுக்குவாதம் என்பார்கள். லண்டன் டாக்டர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817ல் எழுதி வைத்த நோய். லெவோடோபாவும் கார்பிடோபாவும் கலந்த மாத்திரை ஆரம்பித்தார்கள். ஒரு மாதத்தில் நடை திரும்பியது. நிம்மதியாக இருந்தோம்.

மூன்றாம் மாதம் வேறு மாதிரி போன். அப்பாவுக்கு வாந்தி. உடம்பு தானாக நெளிகிறது. ராத்திரியில் இல்லாத ஆட்களோடு பேசுகிறார். டாக்டரும் குழம்பினார், மாத்திரை அளவு அப்படியொன்றும் அதிகமில்லையே என்று.

அக்காவின் மகள் மருந்தியலில் ஆராய்ச்சி மாணவி. மூளை நரம்புகளில் மருந்து என்ன செய்கிறது என்பதுதான் அவள் படிப்பு. எங்கள் சொந்தக்காரர்கள் மொழியில், "எலிக்கு மருந்து கொடுக்கறா, வேலைக்கு எப்பப் போவாளோ!" அவள்தான் அம்மாவை உட்கார வைத்து நைசாகக் கேட்டிருக்கிறாள். வேறென்ன கொடுத்தே?

பூனைக்காலிப் பொடி. தினமும் இரண்டு வேளை, பாலில் ஒவ்வொரு ஸ்பூன். மாத்திரையும் கூடவே. யாரிடமும் சொல்லவில்லை.

எனக்கு வந்த கோபத்தில் போனிலேயே கத்திவிட்டேன். "நீ அங்க உக்காந்துட்டுக் கணக்குக் கேக்கறே. ராத்திரி அப்பாவைப் புரட்டிப் போடறது நாந்தானேடா" என்று ஒரே வார்த்தையில் வாயை அடைத்துவிட்டாள். வெளிநாட்டில் இருக்கிற எல்லோருக்கும் இந்த அடி பழக்கம்தானே...

பூனைக்காலி உங்களுக்கும் தெரிந்திருக்கும். தமிழில் பூனை, மலையாளத்தில் நாய்க்குரணை. எல்லை தாண்டினால் பூனை நாயாகிவிடும் :-) வேலியோரம் படரும் கொடி, காய் மேலே பொன்னிறச் சுணை. பட்டால் அரிப்பு உயிர் போகும். பள்ளியில் அதைப் பிறர் சட்டைக்குள் போட்டு அடி வாங்கியவர்களில் நானும் ஒருவன். மருத்துவத்துக்கு எடுப்பது உள்ளே இருக்கும் விதையை.

இரண்டு நாள் கழித்து அக்கா மகள் ஒரு கட்டுரையின் விவரம் அனுப்பினாள். 1937, 'பயோகெமிக்கல் ஜர்னல்'. எழுதியவர்கள் எம். தாமோதரன், ஆர். இராமசாமி. இடம், மெட்ராஸ் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வகம். பூனைக்காலி விதையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தது பற்றிய கட்டுரை. அந்தப் பொருளின் பெயர் டோபா. அப்பாவின் மாத்திரையில் இருக்கிற அதே லெவோடோபா!

அக்கா கொடுத்தது ஏதோ குருட்டு வைத்தியம் என்று நினைத்திருந்தேன். அவள் கொடுத்தது அதே மருந்தை, இரண்டாவது தடவை. அதுதான் ஆபத்தாகப் போயிற்று.

இன்னொரு விஷயம். 1937ல் எங்கள் வாளையார்ப் பக்கம் மெட்ராஸ் மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. கேரளம் உருவானது 1956ல்தான். ஆகவே அது எங்கள் மாகாணத் தலைநகரில் நடந்த வேலை. கிரிக்கெட் பார்க்கச் சேப்பாக்கம் போயிருக்கிறேன். இப்படி ஒரு கதை அந்த ஊருக்கு உண்டென்று யாரும் சொன்னதில்லை.

டோபாவைச் செடியிலிருந்து முதலில் எடுத்தவர்கள் இவர்கள் இல்லை. 1913ல் சுவிட்சர்லாந்தில் மார்க்கஸ் குகன்ஹைம் ஒருவகை அவரையிலிருந்து எடுத்து, தானே இரண்டரை கிராம் விழுங்கி, வாந்தி எடுத்தார். எங்கள் அப்பாவைப் போலவே. அதனால் யாருக்கு என்ன பயன் என்று 1937லும் தெரியாது. 1938ல் ஜெர்மனியின் பீட்டர் ஹோல்ட்ஸ், உடம்பில் ஒரு நொதி டோபாவை டோபமைனாக மாற்றுகிறது என்று கண்டார். டோபமைனும் வெறும் இடைப்பொருள் என்றே பலரும் நினைத்தார்கள்.

திருப்பம் 1957ல், ஸ்வீடனின் லுண்ட் நகரில். ஆர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்தார். அவை அசையாமல் கிடந்தன. டோபாவை ஊசியில் ஏற்றியதும் சற்று நேரத்தில் எழுந்து நடமாடின. இந்த ரெசர்பின் எங்கிருந்து வந்தது? நம்முடைய சர்ப்பகந்தி வேரிலிருந்து. 1949ல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் அந்த வேர் ரத்தக் கொதிப்பைக் குறைக்கிறது என்று எழுத, 1952ல் சுவிஸ் சிபா கம்பெனி ரெசர்பினைப் பிரித்தெடுத்தது. என் பி.காம். மூளைக்கு இப்படித்தான் புரிகிறது: ரெசர்பின் மூளையின் டோபமைன் கணக்கில் பற்று, டோபா அதில் வரவு.

1960ல் வியன்னாவில் ஹொர்னிகீவிச், பார்க்கின்சன் நோயால் இறந்தவர்களின் மூளையில் டோபமைன் இருப்பு மிகவும் குறைந்திருப்பதைக் காட்டினார். 1967ல் அமெரிக்காவில் கோட்சியாஸ், சிறிய அளவில் தொடங்கி மெதுவாகக் கூட்டினால் நோயாளி தாங்குவார் என்று காட்டினார். கார்ல்சனுக்கு 2000ல் நோபல் பரிசு.

கார்பிடோபா எதற்கு? நாம் ஊருக்குப் பணம் அனுப்புகிறோம், வழியிலேயே கமிஷனில் பாதி போனால் எப்படி இருக்கும்? டோபாவுக்கும் அதே கதி. மூளைக்குப் போகும் முன்பே உடம்பு அதை டோபமைனாக்கிச் செலவழித்துவிடும். அந்த டோபமைன் மூளைக்குள் நுழையாது, குமட்டலைத்தான் தரும். கார்பிடோபா அந்தக் கமிஷனைத் தடுக்கிறது. அப்பாவின் உடம்பில் அது ஏற்கெனவே காவலுக்கு நின்றது. விதையில் நூற்றுக்கு நாலு முதல் ஆறு பங்கு டோபா இருக்கலாம். ஐந்து கிராம் ஸ்பூன் என்றால் 200 முதல் 300 மில்லிகிராம். மண்ணுக்கு மண், விதைக்கு விதை மாறும். அவ்வளவும் கமிஷன் பிடிக்காமல் உள்ளே போனால்?

பொடியை இளக்காரமாகவும் சொல்ல மாட்டேன். 2004ல் லண்டனில் எட்டு நோயாளிகளிடம் சோதித்தபோது, மாத்திரையைவிட அது சீக்கிரம் வேலை செய்தது. ஆனால் 2018ல் வந்த இன்னொரு ஆய்வில் 16 வாரச் சோதனையில் சேர்ந்த 14 பேரில் ஏழு பேர் பாதியில் நிறுத்திவிட்டார்கள். வயிற்றுத் தொல்லை சிலருக்கு, நடை மோசமானது சிலருக்கு. இரண்டையும் சேர்த்துத்தானே பார்க்க வேண்டும்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அவர் திட்டவில்லை. பொடியை நிறுத்தச் சொல்லி, மாத்திரை நேரத்தை மாற்றினார். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால், பாலோடு வேண்டாம் என்றார். புரதமும் டோபாவும் மூளைக்குள் போக ஒரே வாசலில் முட்டிக்கொள்ளுமாம். நெளிவு குறைந்தது. இராத்திரி விருந்தாளிகளும் வருவதில்லை.

அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "உன் மருந்து சரிதான்க்கா, ஒளிச்சு வெச்சதுதான் தப்பு" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நான் சொல்லியிருந்தா நீங்க சிரிச்சிருப்பீங்க" என்றாள். உண்மைதான், சிரித்திருப்போம்.

அக்கா மகளிடம் எப்போது வேலைக்குப் போவாய் என்று இனி கேட்கப்போவதில்லை. தாமோதரனிடமும் இராமசாமியிடமும் அன்று யாராவது கேட்டிருப்பார்கள், இந்த விதையால் என்ன லாபம் என்று. அவர்கள் கண்ட பொருள் நோயாளிக்கு மருந்தாக முப்பது வருஷம் ஆயிற்று.

அப்பா வங்கியில் புது மாதிரிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். சின்ன எழுத்துதான். ஆனால் கடைசி வரை படிக்க முடிகிறது.

உங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஊருக்குப் பேசும்போது கேளுங்கள்: "டாக்டர் குடுத்தது இல்லாம வேற என்ன சாப்பிடறீங்க?" பதில் எதுவாக இருந்தாலும் கத்தாதீர்கள். கத்தினால் அடுத்த தடவை சொல்ல மாட்டார்கள்.