விண்ணினின்று குதித்த வைத்தியர்

போர்முகத்திற் பெற்ற புண்ணை விழுப்புண் என்று போற்றுதல் தமிழர் மரபு. உயிர் காக்கும் வைத்தியத் தொழிலிலும் விழுப்புண் பெற்றார் உளரோ என வினவுவார்க்கு, அமெரிக்க இராணுவ விமானப்படை வைத்தியர் ராண்டால்ஃப் லவ்லேஸ் என்பாரது வரலாறு தக்க விடையாகும்.

இவர் 1907-ஆம் ஆண்டில் மிசூரி மாகாணத்திற் பிறந்தார். 1934-இல் ஹார்வர்டு வைத்தியக் கல்லூரியிற் பட்டம் பெற்றார். பின்னர் மினசோட்டாவிலுள்ள மேயோ வைத்தியசாலையில் இரண சிகிச்சை பயின்றார். அந்நாளில் விமானங்கள் மேன்மேலும் உயரப் பறக்கலாயின. உயரம் மிகுந்தோறும் காற்று மெலியும், பிராணவாயு குன்றும், விமானி தான் மயங்குவதையே அறியாது உணர்விழப்பான். இவ்விடர் நீங்குமாறு, 1938-இல் லவ்லேஸ், பூத்பி, புல்புலியன் என்னும் மூவரும் கூடிப் பிராணவாயு முகமூடி ஒன்றை ஆக்கினர். 1939-ஆம் ஆண்டுக்குரிய காலியர் பரிசு விமானக் கம்பெனிகட்கு வழங்கப்பட்டபோது, பூத்பி, லவ்லேஸ், ஆர்ம்ஸ்டிராங் என்னும் வைத்தியர்களும் சிறப்பாகப் பாராட்டப்பெற்றனர்.

அக்காலத்தில் உலகப்போர் மூண்டது. 40,000 அடி உயரத்தில் விமானம் பழுதுற்றால், பாராசூட்டுடன் குதிப்பவன் மூச்சுக்கு என் செய்வான்? அவனுடன் செல்லும் சிறு பிராணவாயுப் புட்டி அமைக்கப்பட்டது. ஆயினும், சோதனை அறையிற் பயன்பட்டது வானத்திலும் பயன்படுமோ என்பதைக் குதித்தன்றி அறிதல் இயலாது.

பிறன் ஒருவனை ஏவ லவ்லேஸ் மனங்கொள்ளவில்லை. அதுகாறும் ஒருமுறையேனும் பாராசூட்டிற் குதித்தறியாத அவர், 1943 ஜூன் 24-ஆம் நாள், வாஷிங்டன் மாகாணத்தின்மேல் 40,200 அடி உயரத்தினின்று தாமே குதித்தார். உடனே பாராசூட் விரிந்தது. விரிந்த அதிர்ச்சியில் அவர் மூர்ச்சித்தார். ஒரு கையின் உறைகள் கழன்று வீழ்ந்தன. கொடுங்குளிர் அக்கையை வாட்டியது. ஏறக்குறைய 24 நிமிஷங் கழித்து நிலத்தை அடைந்தார். அவர் உணர்விழந்து தொங்கியபோதும் புட்டி தன் கடமையைச் செய்தது, உயிர் பிழைத்தார்.

இதனால் இரண்டு உண்மைகள் விளங்கின. ஒன்று, புட்டி நம்பத்தக்கது. மற்றொன்று, மிகவுயரத்திற் பாராசூட்டை விரித்தல் கேடு. தாழ வீழ்ந்த பின்னரே விரித்தல் நலம். முன்னது அவர் நாடிச் சென்றது. பின்னது அவர் கை கொடுத்து வாங்கியது.

இச்செயலுக்காக அவருக்கு 'டிஸ்டிங்விஷ்டு ஃபிளையிங் கிராஸ்' என்னும் பதக்கம் அளிக்கப்பட்டது. அது வானிற் பறந்து அருஞ்செயல் ஆற்றினார்க்கு உரியது. வைத்தியர்க்கு எளிதிற் கிட்டுவதன்று.

1959-இல் அமெரிக்காவின் முதல் விண்வெளி வீரரைத் தேர்ந்தெடுத்தற்கான தேகபரிசோதனை, ஆல்புகர்க்கி நகரில் அவரது வைத்தியசாலையிலேயே நிகழ்ந்தது. 1965 டிசம்பரில், கொலராடோ மலைப்பகுதியில் நேர்ந்த விமான விபத்தில் மனைவியுடன் அவர் மாண்டார். வானத்தில் பிறர் உயிரைக் காக்க உழைத்தவரை வானப்பயணமே கொண்டுபோயிற்று.

அன்பர்காள்! பிறர்க்கு விதிக்கும் மருந்தைத் தாம் முன்னர் உண்டு காட்டும் துணிவே அறிவுக்கு அணிகலன். அப்பதக்கத்தினும் சிறந்தது, குளிரில் நைந்த அக்கையே எனலாம். மாணாக்கரை நடத்தும் எம்போன்றாரும், மக்களை நடத்தும் தலைவரும் இதனை நெஞ்சிற் கொள்வோமாக.