ஆவும் ஆமாவும்: 'உவமம்' என்னும் சொல்லின் வரலாறு

உவமை என்றதும் அணியிலக்கணமே இன்று நினைவுக்கு வருகிறது. பாடநூல்களும் அதனைச் செய்யுளுக்கு அழகூட்டும் உறுப்பாகவே கற்பிக்கின்றன. இது தண்டியலங்காரத்தின் வழிவந்த பார்வை. 12ஆம் நூற்றாண்டைச் சார்ந்த அந்நூல், 35 பொருளணிகளுள் தன்மையணியை அடுத்து உவமையை வைத்து, பண்பு, தொழில், பயன் என்னும் மூன்றன்வழி அதனை விளக்கிற்று. வினை, பயன், மெய், உரு எனத் தொல்காப்பியம் வகுத்த நான்கனுள் மெய்யும் உருவும் இங்குப் பண்பினுள் அடங்கிவிட்டன.

தொல்காப்பியத்தில் அணிக்கெனத் தனி இயல் இல்லை, உவமத்துக்கு உண்டு. அவ்வியலின் தொடக்கத்தில் உவமத்தின் பயனாக இளம்பூரணர் இரண்டைச் சுட்டுகிறார். ஒன்று, புலப்படாதது புலப்படுதல். மற்றொன்று, கேட்போர்க்கு இன்பம் விளைதல். அறிவே முன்னிற்கிறது, அழகு பின்னரே வருகிறது. அவர் தரும் சான்றும் கவிதையடி அன்று. ஆமா என்னும் காட்டு விலங்கு ஆவைப் போன்றது எனக் கேட்டிருந்தவன், காட்டில் அதனைக் கண்டதும் அவ்வொப்புமையால் இன்னதென அறிகிறான் என்பதே அது.

இது அளவை நூலாரின் சான்று. காட்சி, கருதல், உவமானம், சொல் என நான்கு அளவைகளைக் கொண்ட நியாய நூலார், உவமானத்துக்குக் கவயத்தையே காட்டுவர். மணிமேகலையின் சமயக்கணக்கர்தம் திறங்கேட்ட காதையில் அளவைவாதி உவமத்தைத் தனி அளவையாக எண்ணி, அதே விலங்கைக் கூறுகிறான். பௌத்தரான அறவண அடிகளோ பின்னர்க் காட்சி, கருத்து என்னும் இரண்டையே ஏற்று, ஏனையவற்றைக் கருத்தளவையுள் அடக்குகிறார். உவமம் தனித்து அறிவு தருமா என்பது இவ்வாறு ஒரே தமிழ்க் காப்பியத்தினுள் இருதரப்பிலும் பேசப்பட்டுள்ளது. தண்டியாசிரியரை மட்டும் கொண்டு சொல்லின் வரலாற்றை எழுதுவோர் இப்பகுதியைக் காணாது விடுகின்றனர்.

7ஆம் குறளில் உவமை என்பது 'நிகர்' என்னும் பொருளிலேயே வருகிறது. நன்னூல் உவம உருபுகளைத் தொகைநிலை பேசும் இடத்தில் பன்னிரண்டாக எண்ணுகிறது. அங்கு அது சொல்லிலக்கணச் செய்தி. உவமம் முதலியவற்றை அணி எனப் பிரித்து இலக்கணம் கூறுவதைப் பேராசிரியர் உவமவியல் உரையின் இறுதியில் மறுப்பதும் நோக்கத்தக்கது.

இயேசு கூறிய கதைகளுக்கு விவிலிய மொழிபெயர்ப்பாளர் இச்சொல்லையே தெரிந்துகொண்டனர். கடுகு விதையைக் காட்டிக் காணாத விண்ணரசை உணர்த்தும் அக்கதைகளில் செய்யுளும் இல்லை, அணியும் இல்லை.