நிறுவும் யந்திரமும் பல்வகை வலைகளும்

சிவஞானசித்தியாரின் அளவை இயலைப் பாடங் கேட்டோர் அறிவர்: பொருளை அறியும் வழிகள் பத்தென எண்ணி, அவை யாவும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றினுள் அடங்குமென அருணந்தி சிவாசாரியார் முடிக்கின்றார். மணிமேகலையிலும் அளவைகளின் தொகை ஆசிரியர்தோறும் வேறுபடுகின்றது. வியாதனுக்குப் பத்து, கிருதகோடிக்கு எட்டு, சைமினிக்கு ஆறு. வழிகள் எத்தனை, அவற்றை எவ்வாறு இணைப்பது என்ற இவ்வினா நம் காலத்தில் யந்திரத்தின் வாயிலிலும் வந்து நிற்கின்றது. மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதரும் விஞ்ஞானப் பட்டதாரியுமாகிய காரைதீவு விபுலாநந்த அடிகள் இன்றிருப்பின் இவ்வரலாற்றை எம்மினும் நன்கு எழுதியிருப்பார். இயன்றவரை நாம் கூறுவோம்.

கணனியைக் கொண்டு தேற்றங்களை நிறுவும் முயற்சி 1956ஆம் ஆண்டில் உருப்பெற்றது. நியுவெல், சைமன், ஷோ என்னும் மூவர் ஆக்கிய செய்நிரல், வைற்ஹெட்டும் றசலும் எழுதிய பெருநூலின் இரண்டாம் அதிகாரத்து முதல் 52 தேற்றங்களுள் 38ஐ நிறுவிற்று. 1965இல் அலன் றொபின்சன், யந்திரத்துக்கு ஒரேயொரு அனுமான விதியே போதுமெனக் காட்டினார். விதி ஒன்றானால் வேலை முடிந்ததன்றோ எனத் தோன்றும். முடியவில்லை. அவ்விதி பெற்றெடுக்கும் முடிவுகள் மாரி வெள்ளம்போற் பெருகின. வேண்டிய ஒன்று வேண்டாத ஆயிரத்துள் மூழ்கிற்று. ஆகவே அதே ஆண்டில் வோஸ் என்பாரும் அவர்தம் துணைவரும், நிறுவவேண்டிய பொருளோடு தொடர்புற்ற முடிவுகளையே நாடவேண்டுமெனத் தந்திரமொன்று வகுத்தனர். பின்னர் இத்தகைய தந்திரங்கள் பல தோன்றின. 1930களில் றொபின்ஸ் என்பார் எழுப்பிய வினாவொன்று கணித மேதைகள் பலருக்கும் பிடிகொடாதிருந்து, 1996இல் மக்கூன் ஆக்கிய யந்திர நிரலொன்றுக்கு ஏறத்தாழ எட்டு நாட்களில் விடைதந்தது.

எந்தத் தந்திரம் எந்த வினாவுக்கு உதவுமென்பதை முன்கூட்டி அறிதல் அரிது. எமது வாவியிலே தோணி வலிப்போர் இறாலுக்கொரு வலையும் மீனுக்கொரு வலையும் வைத்திருப்பர். ஓரிடத்தில் நாலு வீச்சில் ஒன்றும் படாவிடில் இடத்தை மாற்றுவர். யந்திரம் செய்தோரும் அனுபவத்தால் இதையே கற்றனர். சில விநாடிகளில் விடைதராத தந்திரம் பல மணி நேரத்திலும் பெரும்பாலும் தருவதில்லை. எனவே நேரத்தைக் கூறுபோட்டு, ஒவ்வொரு தந்திரத்துக்கும் சிறுபொழுது அளித்தனர். மான்செஸ்ரரில் உருவான ‘வம்பயர்’ என்னும் நிரல் இம்முறையாற் போட்டிகளிற் பலமுறை வென்றுள்ளது.

மாறிமாறி முயல்வது ஒருவகை இணைப்பு. ஒன்றோடொன்று பேசவைப்பது மற்றொன்று; இதுவே கடினம். இரு தோணிகள் கரைக்கு வருகின்றன எனக் கொள்வோம். முதற் தோணியின் மீன் இரண்டாவதிலும் நிறை கூடியதன்று, குறைந்ததுமன்று. எண்கணிதம் மட்டும் அறிந்தவன் ‘இரண்டும் சமம்’ என்பான். விலையைப்பற்றி அவனுக்கு யாதும் தெரியாது. சமத்துவ விதி மட்டும் அறிந்தவன் ‘நிறையைக் கொண்டே விலை வைப்பதாயின், சம நிறைக்குச் சம விலை’ என்பான்; நிறுக்க அவனுக்குத் தெரியாது. முன்னவன் சொல்லைப் பின்னவன் கேட்டாற்றான் விலையும் சமமென்பது வெளிப்படும். இத்தகைய உரையாடலுக்கு நெல்சன், ஒப்பன் இருவரும் 1979இலும், சோஸ்டாக் 1984இலும் முறைகள் வகுத்தனர்.

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1980இற் பட்டம் பெற்ற நடராஜன் சங்கர் இவ்விடத்தில் வருகின்றார். கேடலின் புகழ்பெற்ற முழுமையின்மைத் தேற்றத்தையே யந்திரத்தைக் கொண்டு சரிபார்த்து, 1986இல் ரெக்சஸ் பல்கலைக்கழகத்தில் கலாநிதியானவர். ஒளரே, றஷ்பி ஆகியோருடன் அவர் ஆக்கி 1992இல் வெளியான ‘பீ.வீ.எஸ்.’ என்னும் நிறுவற் சாதனம் சோஸ்டாக்கின் முறையையே உட்கொண்டது. அம்முறையைச் சங்கரும் றூஸ் என்பாரும் வரிவரியாய் ஆராய்ந்து, 2001இல் அதன் பிழைகளை வெளியிட்டனர். பொய்யை அது மெய்யெனச் சொல்லவில்லை. ஆயின் மெய்யான சிலவற்றை அறியத் தவறிற்று, சிலவிடத்து முடிவின்றிச் சுழன்றது. பதினேழு ஆண்டு பலரும் நம்பியிருந்த முறை அது! தம் சாதனத்தின் அடித்தளத்திலேயே குறை கண்டு, அதை மறையாது சொன்ன நேர்மை எம்மை வியக்கச் செய்கின்றது.

இருவரும் திருத்திய முறையையும் அதன் நிறுவலையும் உடன் தந்தனர். அந்நிறுவலையும் சொல்லளவில் நம்பிவிடாது, 2002இல் போர்ட் என்பாரும் சங்கரும் அதே பீ.வீ.எஸ். சாதனத்தில் இட்டுச் சோதித்தனர்.