சித்தூர், திருப்பதி வட்டாரத்தின் மகாபாரதக் கூத்து: அறிய வேண்டியவை

திருப்பதி: ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர், திருப்பதி மாவட்டக் கிராமங்களில் கோடைக்காலம் தொடங்கியதும் திரௌபதி அம்மன், தர்மராஜர் கோயில்களில் மகாபாரத விழா நடைபெறுவது வழக்கம். பகலில் பாரதக் கதை, இரவில் விடிய விடியக் கூத்து, நிறைவாகத் தீமிதி என்று அமையும் இவ்விழா, வட தமிழகத்துத் தெருக்கூத்தோடு நெருங்கிய உறவுடையது. தெலுங்கில் இதனை வீதி நாடகம் என்பர்.

எல்லை கடந்த கலை

இந்த உறவுக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. சித்தூர் மாவட்டம் 1911-ஆம் ஆண்டு, வட ஆற்காடு மாவட்டத்தின் பகுதிகளையும் அண்டை மாவட்டங்களின் பகுதிகளையும் இணைத்து உருவாக்கப்பட்டது. மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபின் நடைபெற்ற எல்லைச் சீரமைப்பில், 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துடன் சேர்ந்தது. சித்தூர் ஆந்திராவில் நீடித்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானது. நிர்வாக எல்லைகள் மாறியபோதும், திரௌபதி வழிபாடும் அதனைச் சார்ந்த கூத்தும் இரு பக்கத்திலும் தொடர்கின்றன.

குழுவில் யார் யார்?

கூத்துக் குழுவில் நடிகர்களே பாடகர்களும் ஆடுவோரும் ஆவர். மிருதங்கம், ஆர்மோனியம், தாளம் ஆகியவை முதன்மைக் கருவிகள். தமிழ்ப் பகுதிகளில் முகவீணையும் சேர்கிறது. நடிகர் பாடும் அடியைப் பின்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாடுகின்றனர். கட்டியங்காரன் கதையை நடத்திச் செல்வதோடு, நகைச்சுவையின் வழியே ஊர் நடப்புகளையும் விமர்சிக்கிறார். மன்னர் வேடங்களுக்குரிய கிரீடம், புஜக்கட்டை முதலிய அணிகள் எடை குறைந்த மரத்தில் செதுக்கப்படுகின்றன. மரபுப்படி பெண் வேடங்களையும் ஆண்களே ஏற்கின்றனர்.

முக்கிய நிகழ்வுகள்

பல ஊர்களில் விழா 18 நாள் நடைபெறும். ஊரின் வசதிக்கேற்ப நாள்கள் கூடுவதும் குறைவதும் உண்டு. திரௌபதி திருமணம், துகில் உரிதல், அபிமன்யு போர், கர்ணன் வீழ்ச்சி ஆகிய கதைகள் அடுத்தடுத்த இரவுகளில் நடிக்கப்படும்.

அர்ஜுனன் தபசு அன்று, அர்ஜுனன் வேடமிட்டவர் உயரமான கம்பத்தில் பாடிக்கொண்டே ஏறுகிறார். உச்சியிலிருந்து அவர் வீசும் எலுமிச்சம் பழத்தையும் பூவையும் பெறக் கீழே பக்தர்கள் காத்திருப்பர். குழந்தைப் பேறு வேண்டுவோர் இந்நாளில் திரளாக வருகின்றனர்.

துரியோதனன் வதத்தன்று, தரையில் மண்ணால் மிகப் பெரிய துரியோதனன் உருவம் அமைக்கப்படும். அதனைச் சுற்றிலும் பீமனும் துரியோதனனும் போரிடுவர். உருவத்தின் தொடை பிளக்கப்பட்டதும், சபதம் நிறைவேறிய திரௌபதி தன் கூந்தலை முடிக்கிறாள். இதன் பின்னர் தீமிதி நடைபெறும். ஆகவே இக்கூத்து பார்ப்பதற்கான நாடகம் மட்டுமன்று. வழிபாட்டின் ஓர் அங்கமாகும்.

திருப்பதியில் வேடமே வழிபாடு

திருப்பதி நகரின் தாத்தய்யகுண்டா கங்கம்மா கோயில் ஜாத்திரையிலும் இதே தன்மையைக் காணலாம். மே மாதத்தையொட்டி ஒரு வாரம் நடைபெறும் இவ்விழாவில் பக்தர்கள் பைராகி, தோட்டி, துரை, மாதங்கி உள்ளிட்ட வேடங்களை நாளுக்கொன்றாக ஏற்கின்றனர். பெண்களுக்குக் கொடுமை இழைத்த பாளையக்காரனைத் தேடிப் பல வேடங்களில் வந்த கங்கம்மா, இறுதியில் அவனை வதம் செய்தாள் என்பது தலவரலாறு. ஆண்கள் சேலை உடுத்தி நேர்த்திக்கடன் செலுத்துவது இவ்விழாவின் சிறப்பு. 2024 டிசம்பரில் வெளியான ‘புஷ்பா 2’ திரைப்படத்தின் ஜாத்திரைக் காட்சி இவ்வழக்கத்தை நாடு முழுவதும் அறியச் செய்தது.

மெக்சிகோ காட்டும் பாதை

கிராமத்துக் கலையை எவ்வாறு காப்பது என்னும் வினா உலகெங்கும் எழுகிறது. மெக்சிகோவில் நடனக் கலைஞர் அமாலியா எர்னாண்டஸ், பல வட்டாரங்களின் நடனங்களையும் இசையையும் மேடைக்கு ஏற்றவாறு அமைத்து 1952-இல் ‘பாலே ஃபோக்லோரிகோ டி மெக்சிகோ’ குழுவை நிறுவினார். அது உலகப் புகழ் பெற்றது. மறுபுறம், உயர்ந்த கம்பத்தின் மீதேறி இசைத்து, கயிற்றில் சுழன்று இறங்கும் ‘வோலடோரஸ்’ சடங்கு கிராமச் சமூகங்களிடமே தொடர்கிறது. அதனை யுனெஸ்கோ 2009-இல் மானுடத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. முன்னது கலையை மேடைக்குக் கொண்டுசென்றது. பின்னது சடங்கை அதன் மண்ணிலேயே நிலைநிறுத்த முயல்கிறது.

கலைஞர்களின் நிலை

கூத்துக் கலைஞர்களின் வருவாய் கோயில் விழாக் காலத்தைச் சார்ந்தது. மழைக்காலத்தில் வாய்ப்புகள் குறைவதால் பலர் விவசாயத்தையோ கூலி வேலையையோ நாடுகின்றனர். பாடலும் அடவும் ஆண்டுக்கணக்கில் குழுவோடு பயணித்துக் கற்க வேண்டியவை என்பதால், இளைஞர் ஒருவர் விலகினால் அந்த இடத்தை உடனே நிரப்ப இயலாது. திருமலை பிரம்மோற்சவத்தில் வாகன சேவையின் முன் பல மாநில நாட்டுப்புறக் குழுக்கள் ஆடிச் செல்கின்றன. ஆனால் சில நிமிட ஊர்வல ஆட்டத்துக்குள் விடிய விடிய நடக்கும் பாரதக் கதை அடங்காது. கம்பம் நடவும் மண்ணுருவம் அமைக்கவும் ஊர் கூடும் வரையே அக்கதை முழுமையாக ஆடப்படும். அதுவரை ஆடுவோர் இருக்க வேண்டுமெனில், அவர்களுக்கு ஆண்டு முழுவதும் பிழைப்புக்கு வழி வேண்டும்.