செட்டிநாட்டுச் சட்டியில் எந்த எண்ணெய்?

நடுவர் அவர்களே! எதிரணியில் வீற்றிருக்கிற அன்புத் தம்பியரே! காரைக்குடிப் பெரியோர்களே, தாய்மார்களே!

கம்பன் அடிப்பொடி சா. கணேசன் அவர்கள் 1939-இல் கம்பன் திருநாளைத் தொடங்கிய ஊர் இது. கம்பனுக்காக வாதாடிய ஊரில் எண்ணெய்க்காக வாதாட வந்திருக்கிறேன். என்ன செய்யிறது, காலம்! (சிரிப்பு)

எனக்கு முன்னால் பேசிய தம்பி, "தேங்காய் எண்ணெய்தான் நம்ம பாட்டன் பூட்டன் காலத்துச் சமையல் எண்ணெய்" என்று அடித்துப் பேசினார். எந்த ஊர்ப் பாட்டன், தம்பி? நாகர்கோவில் பாட்டன் என்றால் நான் ஒத்துக்கிறேன். 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்கிற வரைக்கும் திருவாங்கூர் வழி நடந்த மண் அது. அங்கே நேந்திரங்காய் வறுவலே தேங்காய் எண்ணெயில்தான் மணக்கும். காரணம் என்ன? மழை, ஐயா, மழை! கேரளத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3000 மில்லிமீட்டர் பெய்கிறது. நம்ம சிவகங்கைச் சீமையில் அதில் மூணில் ஒரு பங்கு தேறினால் பெரிய விஷயம். கண்மாயை நம்பி வாழ்கிற பூமி இது. தென்னைக்கு ஊத்துறதா, நாம குடிக்கிறதா? எள்ளுக்கு அந்த வம்பே இல்லை. ஒரு ஈரம் கண்டால் போதும், மானாவாரியிலே முளைச்சுக்கும்.

எள்ளின் வயசு தெரியுமா? ஹரப்பா அகழாய்விலேயே கருகிய எள் கிடைத்திருக்கிறது. நம்ம சொல்லைப் பாருங்கள். எள் நெய், எண்ணெய். தேங்காய் எண்ணெய் என்று தம்பி சொல்கிறபோதே, தேங்காயில் எடுத்த எள்நெய் என்றுதானே சொல்கிறார்! பேரைக் கொடுத்ததே எங்கள் அணி! (கைதட்டல்)

உடனே தம்பி கேட்பார்: "கடலெண்ணெய் மட்டும் உங்க பாட்டன் சொத்தா?" இல்லை. நான் மறைக்க மாட்டேன். நிலக்கடலை தென்னமெரிக்காச் சரக்கு. வட மாவட்டத்தில் அதை இன்னைக்கும் மணிலாக்கொட்டை என்றுதான் சொல்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டில் அது பரவியது நம்ம வாய் ருசிக்காக இல்லை. பாண்டிச்சேரியில் கப்பலேறி, பிரான்சில் மார்செய் பட்டணத்துக்குப் போய், சோப்பாகிறதுக்கு! வெள்ளைக்காரன் குளிக்கிறதுக்குப் போன கொட்டை மெல்ல நம்ம அடுப்படிக்கு வந்து சேர்ந்தது. வந்தது எப்போது என்பதா கேள்வி? செம்மண்ணும் வானம் பார்த்த நிலமும் அதை ஏத்துக்கிச்சே, அதுதான் கேள்வி.

நகரத்தார் கடல் கடந்தார்கள். பர்மாவிலும் நல்லெண்ணெய், கடலெண்ணெய்ச் சமையல்தான். இலங்கையில் தேங்காய் எண்ணெய். அங்கே தென்னந்தோப்புகளே கடனுக்கு ஈடாகச் செட்டியார்கள் கைக்கு வந்தன. இரண்டு கரையும் பார்த்தவர்கள் வீட்டுக்குக் கொண்டு வந்தது தேக்கு, பீங்கான் ஜாடி. சமையல் எண்ணெயை மட்டும் ஊர்ச் செக்குக்கு விட்டுவிட்டார்கள்.

செக்கு என்றதும் 1908-க்குப் பிறகு கோவைச் சிறையில் மாட்டைப் போல் அதை இழுத்த வ.உ.சி. நினைவு வராத தமிழன் உண்டா? அந்தச் செக்கு ஊருக்கு ஊர் இருந்தது. எள்ளோடு கருப்பட்டி போட்டு ஆட்டுவார்கள். இன்றைக்கு 'மரச்செக்கு' என்று சீட்டு ஒட்டிப் பெரிய விலைக்கு விற்கிறார்கள், நாமளும் வாங்குறோம்!

இனி, தம்பி சொன்ன மருத்துவம். தேங்காய் எண்ணெய்க்கு அநியாயம் நடந்தது உண்மை. 1980-களில் அமெரிக்கச் சோயா வியாபாரிகள் தென்னை, பனை எண்ணெய்களைக் கொலைகாரன் போலக் காட்டினார்கள். அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது எது? ஹைட்ரஜன் ஏற்றி இறுக்கிய எண்ணெய்! அதிலுள்ள டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்கு இன்னும் கேடு என்று தெரிந்து 2018-இல் அமெரிக்காவே விலக்கியது. 2022-இல் நம் நாட்டிலும் 2 சதவீதத்துக்கு மேல் கூடாது என்றார்கள். சரி. பழி சுமத்தப்பட்டவன் என்பதற்காக அவனையே வைத்தியனாக்கி விடலாமா? தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. கடலெண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குக்குள். நல்லெண்ணெயில் ஏழில் ஒரு பங்கு. அமெரிக்க இதயச் சங்கம் 2017-இல் தேங்காய் எண்ணெய் வேண்டாம் என்றுதான் சொன்னது. மாரடைப்பு வந்த வீட்டில் போய், "பாட்டன் சாப்பிட்டான், நீங்களும் ஊத்திக்கங்க" என்று நாம் சொல்லக் கூடாதய்யா.

எங்கள் அணி தேங்காய்க்கு விரோதியா? ஆச்சிமார் வீட்டுக் குருமாவில் தேங்காய் அரைச்சு ஊத்தாமல் இருக்க முடியுமா? அந்தத் தேங்காயைத் தேங்காயாகவே மதிக்கிறோம்.

கடைசியாக ஒன்று. முகப்பு வீட்டின் உள்கட்டில் ஊறுகாய் ஜாடி இருக்கும். மேலே நாலு விரக்கடை நல்லெண்ணெய் நிற்கும். எள்ளிலேயே இருக்கிற சத்து அதைச் சிக்கு வாடை அடிக்காமல் காக்கும். தேங்காய் எண்ணெயோ 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்து போகும். தம்பி சொல்கிறபடி அந்த ஜாடியில் தேங்காய் எண்ணெயை ஊற்றி வைக்கச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே! மார்கழிக் காலையில் ஊறுகாய் எடுக்க ஆச்சி கரண்டியோடு வரமாட்டார்கள். கடப்பாரையோடுதான் வருவார்கள்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)