சொல்லும் மூலிகையும்: சியாபாஸ் மாயா மருத்துவ அருங்காட்சியகத்தின் பின்னணி

மெக்சிகோ நாட்டின் தென்கோடி மாநிலங்களுள் ஒன்று சியாபாஸ். அதன் மலைநகரான சான் கிறிஸ்டோபல் தெ லாஸ் காசஸில், மாயா மருத்துவ அருங்காட்சியகம் என்னும் சிறு காட்சியகம் ஒன்று உண்டு. இது அரசு அமைத்ததன்று. பல்கலைக்கழகம் அமைத்ததும் அன்று. 1985இல் தோன்றிய சியாபாஸ் மாநிலப் பழங்குடி மருத்துவர் அமைப்பு 1990களில் உருவாக்கியது. சோட்சில், செல்டால் என்னும் மாயா மொழிகளைப் பேசும் மருத்துவர்களே தம் தொழிலைத் தாமே காட்சிப்படுத்தியிருப்பது இதன் தனித்தன்மை எனலாம்.

காட்சிக்கூடங்கள் சிலவே. ஒன்றில், தரையில் பைன் ஊசியிலைகள் பரப்பிய தேவாலயத்தில், வரிசையாக ஏற்றிய மெழுகுவர்த்திகளுக்கு முன் நோயாளிக்காக வேண்டுதல் நிகழ்கிறது. மற்றொன்றில், முழந்தாளிட்ட நிலையில் பிள்ளை பெறும் பெண்ணைக் கணவனும் மருத்துவச்சியும் தாங்கி நிற்கின்றனர். வெளியே மூலிகைத் தோட்டம் ஒன்றும் உண்டு. மூலிகைக்கு இணையாக, ஒருவேளை அதனினும் மேலாக, இங்கு இடம்பெறுவது சொல்லே என்பதைக் காண்போர் விரைவில் உணர்வர். மொழியியலார் கருதத்தக்க செய்தி இதுவே.

அமைப்பினர் தம் மருத்துவரை ஐவகைப்படுத்துவர். அவருள் இலோல் என்பார் நாடி பார்ப்பவர். 'காண்' என்னும் பொருளுடைய 'இல்' என்னும் வேரிலிருந்து பிறந்த இப்பெயர் 'காண்பவர்' எனப் பொருள்படும், பன்மை இலோலெடிக். நோயாளியின் குருதி தம்மோடு பேசுவதாகவும், அப்பேச்சைத் தாம் விரல்நுனியில் கேட்பதாகவும் இவர்கள் கூறுவர். இரண்டாமவர் கொபோனெஹ் விட்ஸ், அதாவது மலையோடு பேசுபவர். ஊரின் நலத்திற்காக மலையை நோக்கி வேண்டுவது இவர் பணி. எலும்பு முறிவைச் சீர்செய்பவர், மருத்துவச்சி, மூலிகை தருபவர் ஆகியோர் ஏனைய மூவர்.

இவர்களை 'ஷாமன்' என்னும் ஒரே சொல்லால் குறிப்பது ஆய்வுலகில் பெருவழக்கு. அச்சொல்லோ சைபீரியத் துங்குசிய மொழியினின்று உருசிய மொழி வழியாக 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவுக்கு வந்தது. ஐந்து தொழில்களையும் ஒன்றாக்கி மறைத்துவிடும் சொல் அது. தமிழில் 'மந்திரவாதி' என்றாலும் 'சாமியாடி' என்றாலும் அதே குறை நேரும். அமைப்பினர் தம் இசுபானியப் பெயரில் தேர்ந்துகொண்டது பட்டம் பெற்ற மருத்துவரைக் குறிக்கும் அதே சொல்லை. அது மொழிபெயர்ப்புத் தேர்வு மட்டுமன்று. உரிமைக் கோரிக்கையும் ஆகும். ஆதலின் தமிழில் 'மருத்துவர்' என்பதே பொருந்தும்.

கொபோனெஹ் என்பதன் அடிச்சொல் 'கொப்'. சோட்சில் மக்கள் தம் மொழியைப் 'பட்சி கொப்', மெய்யான பேச்சு என்பர். ஆனால் கொப் என்பதற்குப் பேச்சு, மொழி என்னும் பொருள்களோடு பூசல், சண்டை என்னும் பொருள்களும் உண்டு. சொல்வழக்கையும் நீதிமன்ற வழக்கையும் ஒருசேரக் குறிக்கும் நம் 'வழக்கு' என்னும் சொல் இதற்கு மிக அணுக்கமானது. இவ்வாறே 'போஷ்' என்பது மருந்து, கரும்புச் சாராயம் ஆகிய இரண்டையும் குறிக்கும். சடங்கில் இரண்டும் ஒன்றே.

இத்தகைய சொற்கள் ஆய்வாளர்க்குக் கிட்டாமல் இல்லை. இராபர்ட் லாஃப்லின் தொகுத்த சோட்சில் பேரகராதி 1975இல் வெளிவந்தது. ஏறத்தாழ 30,000 பதிவுகள் கொண்டது. அதற்கு ஓராண்டு முன், 1974இல், பிரெண்ட் பெர்லினும் தாவரவியலார் இருவரும் செல்டால் மக்களின் தாவரப் பாகுபாட்டை ஆராய்ந்து, 471 அடிப்படைத் தாவரப் பெயர்களை வரிசைப்படுத்தினர். நிறப்பெயர்கள் குறித்து 1969இல் பால் கேயுடன் இணைந்து நூல் எழுதிய அதே பெர்லின்தான் இவர். எழுத்தறியா மக்களின் தாவர அறிவு ஒழுங்கு மிக்கது என நிறுவியதில் இவர் பங்கு பெரிது. பின்னிகழ்ந்த பூசலைப் பேசுவோர் இதனை மறத்தலாகாது.

1998இல் அமெரிக்க அரசின் நல்கையோடு பெர்லின் தலைமையில் மாயா உயிர்வளத் திட்டம் தொடங்கிற்று. ஜார்ஜியா பல்கலைக்கழகம், மெக்சிகோவின் தென்னெல்லை ஆய்வுக் கல்லூரி, வேல்சு நாட்டு நிறுவனம் ஒன்று ஆகியவை இதில் பங்காளிகள். ஐந்தாண்டுக்கு 25 இலட்சம் டாலர் ஒதுக்கப்பட்டது. மூலிகைகளைத் திரட்டி அவற்றின் வேதிப்பொருளை ஆய்வதும், பயன் கிட்டின் மக்களோடு பகிர்வதும் நோக்கம். ஊர்தோறும் சென்று திட்டத்தை நாடகமாக நடித்துக் காட்டி இசைவு பெற முயன்றனர். இம்முறை சியாபாசுக்குப் புதிதன்று. 1950களில் தேசியப் பழங்குடி நிறுவனம், பெதுல் என்னும் பொம்மைப் பாத்திரத்தைக் கொண்டு, தடுப்பூசி முதலிய நலத்திட்டங்களைத் தாய்மொழியிலேயே விளக்கியது.

பழங்குடி மருத்துவர் அமைப்பும் அதன் தோழமை அமைப்புகளும் 1999இல் வெளிப்படையாக எதிர்த்தன. ஊர் ஊராகப் பெற்ற ஒப்புதல், பல ஊர்களுக்கும் பொதுவான அறிவுக்குப் போதுமா என்பது அவர்கள் எழுப்பிய வினா. அவ்வமைப்பினர் எல்லா ஊர்களுக்கும் சார்பாளர் அல்லர் என்பது திட்டத்தாரின் மறுமொழி. இரு கூற்றிலும் உண்மை உண்டு. அறிவு எவருடையது என்பதை வரையறுக்கும் சட்டம் அன்று மெக்சிகோவில் இல்லை. 2001 நவம்பரில் திட்டம் கைவிடப்பட்டது.

இங்கு மொழிபெயர்ப்பின் பங்கு போதிய அளவு பேசப்படவில்லை. 'முன்னறிந்த இசைவு' என்னும் சட்டத் தொடரில் மூன்று கருத்துகள் அடங்கியுள்ளன: முன்னதாக, அறிந்து, இசைதல். இவற்றுள் 'அறிந்து' என்பதே கடினமானது. காப்புரிமை, வேதிச்சாறு முதலியவற்றுக்குச் செல்டாலில் நிலைபெற்ற சொல் இல்லாதபோது, நாடகம் எவ்வளவு உணர்த்தியிருக்கக்கூடும்? அதன் உரையாடல் மொழியைக் கூர்ந்து ஆராய்வதே மொழியியலார் செய்யத்தக்க பணி.

மேலும், திட்டத்தின் நோக்கில் மூலிகை என்பது அதனுள் அடங்கிய வேதிப்பொருள். அதை வேண்டுதலினின்று பிரித்தெடுக்கலாம். காட்சியகமோ மெழுகுவர்த்தி, போஷ், மூலிகை, நாடி, பேச்சு ஆகியவற்றை ஒரே வினையாகக் காட்டுகிறது. 471 பெயர்களின் பட்டியலில் இடம்பெறாததும் அப்பேச்சுதான். அதனை எழுத்தில் பெயர்ப்போர் செடியின் பெயரோடு நிறுத்திக்கொள்வதா, அது வழங்கப்படும்போது மலையை நோக்கிக் கூறும் சொல்லையும் கேட்டு எழுதுவதா, எழுதினால் எவர் ஒப்புதலோடு எழுதுவது என்பன சியாபாசில் இன்னும் தீராத வழக்குகள்.